நிபந்தனைக்குட்பட்ட மாணவி

அஸ்தினாபுரம் உச்சாணி குளோபல் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்வது எளிது. வகுப்பில் போய் உட்காருவதுதான் கஷ்டம். சேர்வதற்கு டி.சி.யும் பிறப்புச் சான்றிதழும் போதும். உட்காருவதற்கோ, அந்தப் பிள்ளை எந்த வருடம், எந்த மாதம், எந்தக் கல்லூரியிலிருந்து என்ன பட்டத்தோடு வெளியே வரும் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பள்ளியின் எதிர்காலப் பிரிவு ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிர்காலப் பிரிவு முதல் மாடியில், ஜெராக்ஸ் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது.

மற்ற பள்ளிகளில் ஒன்பது ஏ, ஒன்பது பி என்று இருக்கும். இங்கே ஒன்பது டாக்டர், ஒன்பது இன்ஜினியர், ஒன்பது ஆடிட்டர், ஒன்பது கலெக்டர். பிள்ளைகள் கழுத்தில் அந்தந்தத் தொழிலுக்கான நிறத்தில் பட்டை தொங்கும். "டாக்டர் கடைசி பெஞ்ச், பேசாத" என்று டீச்சர் அதட்டுவது தெருவில் காய்கறி வண்டி தள்ளுகிறவருக்கும் கேட்கும். முடிவு தெரியாத பிள்ளையை இதில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது? அதனால் உட்கார வைப்பதில்லை. நியாயம்தானே என்று கேட்டால் நியாயம்தான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலியேசர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் பதினேழு வருடமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். படிவங்களிடம் அவருக்குப் பயம் கிடையாது. உள்ளே வந்த ஆணியும் வெளியே போன ஆணியும் அவர் கையெழுத்தில் அழகாக வரிசையாக நிற்கும். மகள் பிளஸ்ஸி படித்துவந்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை என்பதால்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். 'பட்டமளிப்புப் பாதைத் திட்டம்' என்ற பதினான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்தபோது, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

முடிந்தும் விட்டது. அறுபத்திரண்டு கேள்விகள். 'பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மாணவி இழக்கவிருக்கும் மதிப்பெண்கள் எத்தனை, காரணம் என்ன?' என்ற கேள்விக்கு, 'மூன்று. கவனக்குறைவு' என்று எழுதினார். முதல் வேலைக்கான நேர்காணலில் என்ன நிற உடை என்றதற்கு மனைவி கிருபாவைக் கேட்டு இளநீலம் என்று எழுதினார். முப்பத்தோராவது கேள்விதான் முக்கியமானது: 'மே 2033இல் மாணவி பெற்றிருக்கும் பட்டம்?' பிளஸ்ஸியைக் கேட்டார். அவள் தெரியலப்பா, ஆனா கணக்குப் பிடிக்கும் என்றாள். எலியேசர் யோசித்து, 'கர்த்தருக்குச் சித்தமானால், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று எழுதினார்.

அவர் யோசித்தது பட்டத்தைப் பற்றித்தான். முன்னால் இருக்கிற இரண்டு சொற்கள் யோசிக்காமலே வந்தவை. அந்தக் குடும்பத்தில் நாளைக்கு நடக்கப்போகிற எதையும் அந்த இரண்டு சொல் இல்லாமல் யாரும் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடிப்பார்கள். கேஸ் சிலிண்டர் வியாழக்கிழமை வருமா என்றால் கர்த்தருக்குச் சித்தமானால் வரும் என்பார் கிருபா. நாளைய தினம் நம் கையில் இருப்பதுபோலப் பேசுவது மேட்டிமை என்று ஞாயிறு பள்ளியில் படித்தது, எலியேசருக்கு மூச்சு விடுவதைப்போல ஆகிவிட்டது. மூச்சு விட்டதற்குத் தண்டனை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

எதிர்காலப் பிரிவின் கவுண்டரில் இருந்தது சுஜி என்ற இளம்பெண். நல்ல பெண், குரலை உயர்த்தவே மாட்டாள். படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் முப்பத்தொன்றில் நின்றாள்.

"சார், இது கண்டிஷனல் பிளான். இன்னொருத்தர் ஓகே சொன்னாதான்னு போட்டிருக்கீங்க."

எலியேசர் அது ஒரு வழக்கம், எல்லாவற்றிலும் எழுதுவதுதான் என்றார். சுஜி தலையாட்டிவிட்டு, முடிவெடுப்பவர் மாணவிக்கு என்ன உறவு என்று கேட்டாள். தந்தை, தாய், பாதுகாவலர், பிறர் என்று நான்குதான் இருந்தன. எலியேசர் தயங்கி, தந்தை என்றும் சொல்லலாம் என்றார். தந்தை என்று ஏற்கெனவே அவர் பெயர் ஏறியிருந்ததால் சிஸ்டம் எடுக்கவில்லை. 'பிறர்' என்று போட்டாள். உடனே சிஸ்டம் பிறரின் கைப்பேசி எண்ணைக் கேட்டது. அது கிடைக்காத பட்சத்தில், முடிவெடுப்பவரிடமிருந்தோ அவருடைய அதிகாரபூர்வப் பிரதிநிதியிடமிருந்தோ இசைவுக் கடிதம் வாங்கி இணைக்கும்படி சொன்னது. முப்பது வேலை நாள் அவகாசம். அதற்குள் வகுப்பு ஒதுக்கப்படாவிட்டால் வருகைப் பதிவு இல்லாத காரணத்தால் பெயர் தானாக நீங்கிவிடும்.

அதுவரை பிளஸ்ஸிக்கு வெள்ளைப் பட்டை கொடுத்தார்கள். அதில் 'நிபந்தனை' என்று அச்சடித்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு இடம், அதன் பெயர் டிரான்ஸிட் லவுஞ்ச். அங்கே நான்கு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் உண்டு. பாடம் கிடையாது. திசை தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்தினால் அது தவறான திசையில் படித்துவிடும் அபாயம் இருக்கிறதாம்.

முதல் நாள் லவுஞ்சில் பதினோரு பிள்ளைகள். அவர்களில் குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள் ஜெயப்ரியாவும் ஒருத்தி. முத்தாலம்மாள் தன் படிவத்தில், பாடு நல்லபடியாக இருந்தால் காலேஜுக்கு அனுப்புவோம் என்று எழுதியிருந்தாள். கடலில் மீன் படுவதைப் பொறுத்தது என்பதால் அதுவும் நிபந்தனையாகிவிட்டது. மீன்வளத்துறையிடம் உத்தரவாதக் கடிதம் கேட்டார்கள். அவள் அங்கே போகவில்லை. பதினைந்து நிமிஷத்தில் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தவள், கடிதத்துக்கு யாரைப் பார்ப்பது என்று நின்றுகொண்டிருந்த எலியேசரிடம் தைரியம் சொன்னாள்.

"இன்னாண்ணா, இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு கீற. இன்னா எழுதணும்னு அவுங்களே செவுத்துல ஒட்டி வெச்சிக்கிறாங்க. அதப் பாத்து எழுதிக் குட்த்தேன். என் பொண்ணு கலெக்டராம். அது ஆவும், ஆவாது, யாரு கண்டா. இப்ப குந்தறதுக்கு பெஞ்சு வேணும்ல."

எலியேசர் சிரித்தார். ஆனால் அவரால் அப்படி முடியாது. எழுதாமல் விட்டிருந்தால் அது மறதி. எழுதியதை அடிப்பது வேறு. நீர் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கர்த்தரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல அது. அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர் உள்ளே ஏதோ ஒன்று காலை ஊன்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போய்க் கடிதம் கேட்டார். பாஸ்டர் நாற்பது வருட ஊழியத்தில் திருமணத்துக்கும், கல்லறைக்கும், வாடகை வீட்டுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார். கர்த்தரின் சார்பாகக் கடிதம் கேட்டு யாரும் வந்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சபையின் லெட்டர்பேடில் நிதானமாக எழுதினார். மேற்படி எலியேசர் சபையின் முழு அங்கத்தினர் என்றும், அவர் மகளைக் குறித்துக் கர்த்தருக்கு நல்ல நோக்கமே உண்டு என்று தாம் நிச்சயமாக விசுவாசிப்பதாகவும் எழுதி முத்திரை குத்தினார்.

சுஜி கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"நோக்கம் நல்லதுன்னு இருக்கு சார். பிராஞ்ச் எதுன்னு இல்லையே. கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க."

பாஸ்டர் இரண்டாவது கடிதம் எழுத மறுத்துவிட்டார். தனக்கே எந்த ஊருக்கு மாற்றல் என்று மே மாதம்தான் தெரியும் என்றார்.

நாட்கள் போயின. காலையில் எலியேசர் வண்டியில் மகளைக் கொண்டுவந்து விடுவார். மற்ற பிள்ளைகள் படியேறுவார்கள். பிளஸ்ஸி பையோடு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நடப்பாள். அந்த நடையைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் அவர் திருமுடிவாக்கத்துக்கு வண்டியைத் திருப்புவார். பத்தொன்பதாவது நாள் லவுஞ்சில் மூன்று பேர்தான் மிச்சம். இருபத்துமூன்றாவது நாள் அவள் மட்டும். மின்விசிறியை வேறு அறைக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிளஸ்ஸி குறை சொல்லவில்லை. ஜெயப்ரியாவின் கணக்கு நோட்டைச் சாப்பாட்டு வேளையில் வாங்கிப் பார்த்து எழுதினாள். ஒரு நாள் ஒன்பது இன்ஜினியர் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று, கரும்பலகையில் இருந்ததை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. திட்டம் இல்லாமல் கற்றுக்கொண்டால் பிறகு மறக்கடிப்பது ரொம்பக் கஷ்டம் கண்ணா என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். இதை வீட்டில் சொல்லும்போது பிளஸ்ஸி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு எழுந்துபோய்க் குளியலறையில் வெகுநேரம் முகம் கழுவினாள். கிருபா எலியேசரைப் பார்த்தார். வேறு பள்ளிகளில் எல்லாம் கேட்டாயிற்று. ஜூலை நடுவில் ஒன்பதாம் வகுப்பில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தன் மகனின் திட்டத்தைக் கல்லூரியோடு நிறுத்தாமல் ஓய்வு பெறும் நாள் வரை எழுதிக் கொடுத்த ஒரு தகப்பனாருக்குத் தாளாளர் பொன்னாடை போர்த்தினார். பேரப்பிள்ளைகளுக்கான சேர்க்கைப் படிவத்தையும் அந்தத் தகப்பனார் அங்கேயே வாங்கிக்கொண்டார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடி 2033ஆம் ஆண்டில் நிற்கும் தங்கள் பிள்ளையோடு கைகுலுக்கச் சொன்னார்கள். எலியேசர் கையை நீட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்துக் குலுக்கினார்.

இருபத்தெட்டாவது நாள் நிபந்தனைக் குழுவின் முன் ஆஜராகும்படி குறுஞ்செய்தி வந்தது. கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். குழுவின் தலைவர் டாக்டர் அருண்ராஜ், எதிர்கால இயக்குநர். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். எதிரே எலியேசருக்கு ஒரு நாற்காலி, முடிவெடுப்பவருக்கு ஒரு காலி நாற்காலி. அவர் வந்திருக்கிறாரா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எலியேசர், எங்கும் இருக்கிறார் என்றார். 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த உறுப்பினர், முடிவெடுப்பவர் சம்மதிக்காவிட்டால் என்ன படிப்பு என்று கேட்டார். இணைப்புத் தாள் நான்கில் அதை நிரப்பியாக வேண்டுமாம். அவர் இதுவரை எத்தனை மாணவர்களுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறார், சராசரியாக எத்தனை நாளில் தெரிவிப்பார் என்றும் கேட்டார். அது தனக்குத் தெரியாது, ஆனால் இதுவரை கைவிட்டதில்லை என்று எலியேசர் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் தண்ணீருக்கு எந்தப் படிவமும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் அருண்ராஜ் மேசையின் மேல் சாய்ந்து, அன்போடு பேசினார்.

"மிஸ்டர் எலியேசர், உங்க நம்பிக்கைக்கு நாங்க எதிரி இல்ல. ஆனா இந்த கேம்பஸ்ல எதுவும் தற்செயலா நடக்கக் கூடாது. என்னையே எடுத்துக்கோங்க. நான் கால்நடை டாக்டர் ஆகணும்னு இருந்தேன். கிடைக்கல. விலங்கியல் சேர்ந்தேன். அப்புறம் பேங்க் பரீட்சை, நாலு தடவை. அப்புறம் இந்த சாஃப்ட்வேரை விக்கிற வேலை. இந்த ஸ்கூலுக்கு நான் வரவேண்டியதே இல்ல. அன்னைக்கு மழை, தாம்பரத்துல டிரெயின் நின்னுபோச்சு. ஒதுங்க இடம் இல்லாம உள்ள வந்தேன். தாளாளர் சாஃப்ட்வேரையும் வாங்கிட்டாரு, என்னையும் வெச்சிக்கிட்டாரு. திட்டம் இல்லாத வாழ்க்கை ஒருத்தனை எங்க கொண்டுபோய் விடும்ங்கறதுக்கு நானே சாட்சி."

இரண்டு உறுப்பினர்களும் உருக்கமாகத் தலையசைத்தார்கள். அவர்களில் ஒருவர் சமையல்கலை படித்தவர். இன்னொருவர் போன வருடம் வரை பள்ளிப் பேருந்துகளைக் கவனித்துக்கொண்டவர்.

எலியேசருக்கு ஒரு வினாடி வாய்வரை வந்தது. அந்த மழை யாருடைய திட்டம் சார் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தது நான் இல்லை. முப்பது நாளில் இரண்டு நாள் மட்டுமே மிச்சமிருந்த ஒரு தகப்பன். ஜன்னல் வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டு தெரிந்தது. தகரக் கூரையின் கீழே பிளஸ்ஸி பெஞ்சில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஏற்கெனவே முடித்துவிட்ட எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வார்த்தைதானே சார்," என்றார் அருண்ராஜ். "அடிச்சிட்டு பக்கத்துல ஒரு இனிஷியல் போடுங்க. மத்ததை சிஸ்டம் பார்த்துக்கும்."

பேனாவை அவரே திறந்து நீட்டினார். எலியேசர் வாங்கிக்கொண்டார். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் தவறான வரிகளை அடித்துப் பழகிய கை அது. ஸ்கேல் இல்லாமலே நேராக அடிக்கும். அன்றைக்குக் கோடு கோணலாக விழுந்தது. கர்த்தர், சித்தம் இரண்டும் அதன் கீழே நன்றாகவே தெரிந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள், ஸ்கேனரில் தெரிகிறது என்றார்கள். அழுத்தி அடித்தார். தாள் கிழிந்துவிட்டது. பின்பக்கம் டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அதே நேரம், மகள் நாளைக்கு வகுப்பில் இருப்பாள் என்ற நினைப்பில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவரை அதிகமாக வெட்கப்படுத்தியது.

கவுண்டரில் சுஜிக்கு உண்மையாகவே சந்தோஷம். திரையில் பச்சை வந்ததும் அதை எலியேசர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிளஸ்ஸியைக் கூப்பிட்டு, வெள்ளைப் பட்டையை வாங்கிக்கொண்டு இன்ஜினியர் வகுப்பின் நீலப் பட்டையைக் கழுத்தில் மாட்டினாள். பதினான்காம் பக்கத்தில் மாணவியின் உறுதிமொழி இருந்தது. அதில் மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டால் மூன்றாவது பீரியடுக்கே போய்விடலாம் என்றாள்.

பிளஸ்ஸி பேனாவை எடுக்கும் முன் அதை வாசித்தாள். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதில் இரண்டே வரி. 'இத்திட்டம் நிபந்தனையற்றது. இது நிறைவேறாமல் போனால் அதற்கு நான் மட்டுமே பொறுப்பு.'

அவள் பக்கத்தைத் திருப்பி முப்பத்தோராவது கேள்வியைப் பார்த்தாள். டேப் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"அடிச்சிட்டீங்களாப்பா?"

எலியேசர் தலையாட்டினார். இனி ஒன்றும் பிரச்சினை இல்லையென்றும், வகுப்பு கிடைத்துவிட்டதென்றும் சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சந்தேகம் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்.

"இல்லப்பா, இவ்ளோ நாள், எனக்கு வரலன்னா கர்த்தருக்குச் சித்தம் இல்லன்னு சொல்லிக்கலாம்னு இருந்துச்சு. இப்ப வரலன்னா நான் மட்டும்தானா?"

இத்தனை நாளாக எலியேசர் அந்த இரண்டு சொல்லைத் தன்னுடைய விசுவாசம் என்றே நினைத்துச் சுமந்திருந்தார். அதற்கடியில் இவள் ஒண்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சுஜியிடம் திரும்பி, பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மனைவியின் பெயரையும், வேண்டுமானால் கம்பெனி முகவரியையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கெஞ்சுகிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. சுஜி இரண்டு மூன்று இடத்தில் சொடுக்கிப் பார்த்தாள். அவளும் முயன்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒரு பேர்தான் சார் எடுக்குது," என்றாள்.

பிளஸ்ஸிக்கு இன்னும் கையெழுத்து என்று ஒன்று கிடையாது. நோட்டு லேபிளில் எழுதுவதுபோல முழுப்பெயரையும் குண்டு குண்டாக எழுதினாள். கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. சுஜி வேறு தாள் எடுத்துக் கொடுத்து, கட்டத்துக்குள் வர வேண்டும் என்றாள்.

இரண்டாவது முறை அவள் ரொம்பச் சின்னதாக எழுதினாள்.